கிருஷ்ணவேணி நகர் மதிலை இடித்தது பற்றி ஓவர்சியர் சவரிராயன் சொன்னது

திண்டிவனம் குற்றவியல் நடுவர் முன்பாக 1985ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொடுத்தது.

என் பெயர் சவரிராயன். தகப்பனார் பெயர் மரியஅந்தோணி. வயது நாற்பத்தேழு. தென்னாற்காடு மாவட்டம், திண்டிவனம் தாலுகா, செங்கழனிப்பாக்கம், மாதா கோயில் தெரு, கதவு எண் 9இல் குடியிருக்கிறேன். செங்கழனிப்பாக்கம் பேரூராட்சியில் பத்தொன்பது வருடமாக ஓவர்சியராக வேலை பார்க்கிறேன். போன வியாழக்கிழமை முதல் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன்.

நான் வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே சாட்சியமாகும் என்றும் நடுவர் அவர்கள் சொன்னார்கள். யோசிக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். யோசிக்க வேண்டியதை ஏப்ரல் மாதத்திலேயே யோசித்திருந்தால் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன். இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. மிரட்டியவர்களும் ஆசை காட்டியவர்களும் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள்.

எங்கள் பேரூராட்சி எல்லைக்குள் மனைப்பிரிவு போடுகிறவர்கள் மழைத் தண்ணீர் வெளியேற வழி காட்டாமல் அனுமதி வாங்க முடியாது. இதற்கு 1982இல் போட்ட தீர்மானம் ஒன்று இருக்கிறது. மனைக்குக் குறுக்கே ஓடை போனால் அதன் அகலத்தை ஓவர்சியர் நேரில் அளந்து எழுத வேண்டும். மூன்றடிக்கு மேல் இருந்தால் அதே அகலத்துக்கு ஓடையைத் திறந்தே விட வேண்டும், பாதை கடக்கும் இடத்தில் சிறுபாலம் கட்ட வேண்டும். மூன்றடிக்குள் என்றால் ஒன்றரையடி சிமெண்டுக் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே மண் அடித்துக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். எந்த மாதத்தில் அளக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

செங்கழனிப்பாக்கத்துக்கு மேற்கே மேட்டு ஏரியும் கிழக்கே தாங்கல் ஏரியும் உள்ளன. மேட்டு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும், ஊரில் பெய்கிற மழைத் தண்ணீரும் ஓடைத்தெருவை ஒட்டி ஓடித் தாங்கலில் சேரும். ஓடைத்தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். தெருவைத் தாண்டியதும் ஓடை பட்டா நிலங்களின் நடுவே போகிறது. சர்வே வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளிக்கோடு மட்டும் இருக்கிறது, அகலம் குறிக்கப்படவில்லை.

அந்த ஓடைக்கு ஒரு வழக்கம் உண்டு. தை மாதம் தண்ணீர் நின்றதும் இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் ஓடையை மண் தள்ளி மூடி, பாத்தி கட்டி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுவிடுவார்கள். ஓடை வண்டல் என்பதால் காய் நன்றாகப் பிடிக்கும். பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் பாய்ச்ச ஒரு சிறு வாய்க்கால், கால் என்பார்கள், அது மட்டும் விடுவார்கள். வைகாசியில் மல்லாட்டை பிடுங்கிய பிறகு, ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை ஓடைத்தெருவில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய்ப் பழைய அகலத்துக்கு ஓடையை வெட்டித் திறப்பார்கள். அதனால் வருடத்தில் பாதி நாள் அங்கே ஓடை இருக்கும், பாதி நாள் இருக்காது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நானும் என் தகப்பனாரும் இதே போல ஓடையை மூடி மல்லாட்டை போட்டிருக்கிறோம். வெளியூர்க்காரன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

இந்த வருடம் மார்ச் மாதம் விழுப்புரத்தைச் சேர்ந்த கட்டட ஒப்பந்ததாரர் அரங்கநாதன் என்பவர் அந்த நிலங்களை வாங்கி, கிருஷ்ணவேணி நகர் என்ற பெயரில் மனைப்பிரிவு போட விண்ணப்பம் கொடுத்தார். செயல் அலுவலர் அந்தக் கோப்பை மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொன்னார். அதன் பிறகு ஏப்ரல் 24ஆம் தேதி புதன்கிழமை காலை நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சித்திரை மாதம் என்பதால் மல்லாட்டைச் செடி முழங்கால் உயரம் நின்றது. பாத்திகளுக்கு நடுவே இருந்த கால் இரண்டடி ஆறங்குலம் வந்தது.

நான் அளந்து முடிக்கும்போது, அந்தப் பாத்திகளைக் குத்தகைக்குப் போட்டிருந்த ஓடைத்தெரு அஞ்சம்மாள், வயது சுமார் ஐம்பத்தைந்து, களை வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். இது ஓடை இல்லை, தண்ணீர் பாய்ச்சுகிற கால் என்றும், ஆடியில் இரண்டு மாட்டு வண்டி ஜோடியாகப் போகிற அகலத்துக்கு வெட்டுவோம் என்றும் சொன்னார். அரங்கநாதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை அவர் முன்னால் என் அளவைக் குறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. டேப்பில் வருவதைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அஞ்சம்மாள், "நீங்க எழுதிக்கினு போயிடுவீங்க சாரு. தண்ணி எங்க வூட்டுக்குத்தான் வரும்" என்றார்.

நான் டேப்பைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அரங்கநாதன் இளநீர் வெட்டித் தரச் சொன்னார், அதைக்கூட நான் குடிக்கவில்லை. அவரிடமிருந்து எதையும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இப்போது சொல்வது சுலபமாக இருந்திருக்கும், பேராசைப்பட்டேன் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். நான் அளந்தது பொய் அளவு இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது இரண்டடி ஆறங்குலம்தான். இருந்தாலும் இரண்டு பக்கமும் வரிசையாகப் பனைமரங்கள் நின்றன. யாரும் வயலுக்கு நடுவே எதிரெதிராக இரண்டு வரிசை பனை வைக்க மாட்டார்கள், கரைக்குத்தான் வைப்பார்கள். அந்த மரத்து நிழலில் நின்றுதான் நான் நோட்டில் எழுதினேன். அன்று எனக்கு இருந்தது வீம்பு, வேறொன்றும் இல்லை.

அதன் பிறகு என் அளவின் பேரில் மே மாதம் 20ஆம் தேதி அனுமதி கொடுக்கப்பட்டது. ஒன்றரையடிக் குழாய் போதும் என்று நிபந்தனை எழுதப்பட்டது. ஜூன் மாதம் முழுக்க லாரியில் கிராவல் வந்து இறங்கியது. பனைமரங்களை வெட்டினார்கள். ஏழடி உயரத்துக்குச் செங்கல் மதில் எழுப்பி, அதன் அடியில் அனுமதியில் கண்டபடி ஒரு குழாய் வைத்தார்கள். அரங்கநாதன் அனுமதியை மீறி எதுவும் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 21ஆம் தேதி, ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை, ஓடைத்தெருக்காரர்கள் மண்வெட்டியோடு போனபோது கேட் பூட்டியிருந்தது. மறுநாள் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்தும் கைரேகையும் வைத்துப் பேரூராட்சியில் மனு கொடுத்தார்கள். அந்த மனு விசாரணைக்கு என்னிடமே வந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு, குழாய் அனுமதிப்படி உள்ளது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதினேன். என் அளவை நானே தப்பு என்று எழுதக் கை வரவில்லை. முதல் தப்பு வீம்பில் செய்தது, இது பயத்தில் செய்தது.

அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் மழையிலேயே தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தேன். அக்டோபர் 30ஆம் தேதி, ஓடையைத் திரும்ப அளக்க உத்தரவு வேண்டும் என்று செயல் அலுவலருக்குக் குறிப்பு வைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, ஓடைதான் மூடியாகிவிட்டதே, இல்லாத ஓடையை எங்கே வைத்து அளப்பாய் என்று கேட்டார். 

அதன் பிறகு தீபாவளியை ஒட்டி மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் 13ஆம் தேதி புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, மேட்டு ஏரி வழிகிறது என்று கேள்விப்பட்டு ஓடைத்தெருவுக்குப் போனேன். தெருவின் கீழ்க்கோடியில் தண்ணீர் என் மார்பு வரை இருந்தது. வெடித்த பட்டாசுக் காகிதம் சிவப்பாக மேலே மிதந்தது. வீட்டுக்குள் அடுப்பு தெரியவில்லை. சின்னக்கண்ணு என்பவர் வீட்டு மண்சுவர் விடிகிற நேரத்தில் இடிந்து விழுந்ததில் அவருக்கு இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. அவரைக் கதவுப் பலகையில் கிடத்தி, நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டை ஊறிப்போனதால் அஞ்சம்மாள் அதை அவிழ்த்து ஓட்டுக்கூரை மேல் பரப்பிக்கொண்டிருந்தார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

நான் மதிலருகே போய் அதைப் பிடித்து ஏறி அந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் முக்கால் அடித் தண்ணீர்கூட இல்லை. வெள்ளையடித்த மனைக்கற்கள் எண்ணோடு வரிசையாகத் தெரிந்தன. குழாயின் வாயைக் காட்டாமணக்கும் வைக்கோலும் அடைத்திருந்தன. காலால் தள்ளி எடுத்துவிட்டும் பார்த்தேன். அந்தக் குழாய் அவ்வளவு தண்ணீரை விழுங்காது. இரண்டடி ஆறங்குலக் காலில் வருகிற தண்ணீர்தான் அதில் போகும்.

அதன் பிறகு செயல் அலுவலர் வீட்டுக்குப் போய், மதிலைத் திறக்க உத்தரவு கேட்டேன். மனைக்காரரைக் கேட்காமல் முடியாது என்றார். விழுப்புரத்துக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. மழை விட்டதும் பார்க்கலாம் என்றார். நான் அலுவலகத்துக்குப் போய் ஸ்டோர் அறையைத் திறந்து ஒரு கடப்பாரையும் டேப்பும் எடுத்தேன். பொருள் வெளியே போனால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். என்ன வேலைக்கு என்ற இடத்தில், "கிருஷ்ணவேணி நகர் மதில் இடிக்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது, வரவழைத்துப் பார்க்கலாம்.

மதிலுக்கு வந்து, முதலில் அகலம் அளந்தேன். மதிலை ஒட்டி, பழைய கரைகளில் எதிரெதிராக நின்ற இரண்டு பனைகளின் அடிக்கட்டைகள் வேரோடு மண்ணில் இருந்தன. தண்ணீருக்குள் காலால் துழாவி அவற்றைக் கண்டுபிடித்து, டேப்பின் ஒரு நுனியை ஒரு கட்டையில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, மறு நுனியை நான் பிடித்தேன். கரைக்குக் கரை பதினான்கடி வந்தது. இரண்டு வண்டி ஜோடியாகப் போகும். இல்லாத ஓடையை எங்கே வைத்து அளப்பது என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கட்டைகளில் இருந்தது. மதில் ஈரமாக இருந்ததால் சாக்கட்டி ஒட்டவில்லை, பதினான்கடிக்கு இரண்டு முனையிலும் ஆணியால் கீறினேன்.

பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகச் செங்கல்லைப் பெயர்த்தேன். அடியில் துளை போட்டால் மதில் மொத்தமும் சாய்ந்து ஆட்களை அமுக்கிவிடும் என்பதால், மேலிருந்துதான் இடிக்க வேண்டும் என்றும் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்றும் அங்கே நின்றவர்களிடம் சொன்னேன். சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. தண்ணீர் மட்டத்துக்கு வந்தவுடன் மீதி மதிலைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. கீறிய கோட்டுக்கு வெளியே ஒரு செங்கல்லைக்கூட நான் தொடவில்லை. தண்ணீர் தாங்கலைப் பார்த்துப் போகும் சத்தத்தைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது.

அங்கே வேறு யார் யார் இருந்தார்கள் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் நின்றவர்கள் எல்லாரும் தெருவில்தான் இருந்தார்கள். டேப் பிடித்தவர் பெயரையும், கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கியவர்கள் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். மறந்துவிட்டது என்று பொய் சொல்லவில்லை. தெரியும், சொல்ல மாட்டேன் என்றே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இடிக்கலாம் என்று முடிவு செய்தவன் நான். அளவு குறித்தவன் நான். முதல் செங்கல்லை எடுத்தவனும் நான்தான்.

மூன்று மணி சுமாருக்கு அரங்கநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் என்னை அடிக்க வரவில்லை. மதில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "நீ அளந்து குடுத்த அளவுலதானய்யா கட்டினேன்? இப்ப நீயே வந்து இடிச்சிக்கினு நிக்கிறியே, இது எந்த ஊரு நாயம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. "அளந்தது தப்புங்க. அதான் இடிச்சேன்" என்று சொன்னேன்.  அவர் கொடுத்த புகாரின் பேரில் அன்று மாலை என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள்.

காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஜனங்கள் ஆத்திரத்தில் இடித்தார்கள், நான் தடுக்கப் போனேன் என்று எழுதிக் கொடுத்தால் என் வேலைக்கு ஆபத்து வராது என்றார். அப்படி எழுதினால் யார் மேல் வழக்கு வரும் என்று கேட்டேன். மேஜை மேல் ஏற்கெனவே பதினொரு பெயர் எழுதிய தாள் இருந்தது. முதல் பெயர் அஞ்சம்மாள். நான் முடியாது என்றேன். அப்படியென்றால், இடித்ததை மட்டும் சொல், அளந்த கதையை விட்டுவிடு, அதிகாரி ஒருவர் மழை நேரத்தில் அவசரப்பட்டார் என்று லேசாக முடிந்துவிடும் என்றார். அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அன்றே ஜாமீனில் விட்டார்கள். மறுநாள் செயல் அலுவலரும் ஆள் அனுப்பி இதையே சொன்னார்.

நான் ஒருவேளை அதற்கு இணங்கியிருப்பேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஓடைத்தெரு வழியாகப் போனபோது, இடித்த இடத்தில் இரண்டு லாரி புதுச் செங்கல் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். கொத்தனார் நூல் கட்டிக்கொண்டிருந்தார். எந்த உத்தரவில் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். மே மாதத்து அனுமதியின் நகலைக் காட்டினார். அதில் குழாய் ஒன்றரையடி என்றும், ஓவர்சியர் அளவின்படி என்றும் இருந்தது. அந்த அனுமதி இன்னும் ரத்தாகவில்லை. கார்த்திகை மழை பாக்கி இருக்கிறது. தெருவில் இன்னும் எட்டு வீடுகள் மண்சுவர் வீடுகள்.

நான் இடித்தது மதிலை மட்டும்தான், அது எந்த அளவின் பேரில் நின்றதோ அந்த அளவு அப்படியே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அளவைத் தப்பு என்று சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. அஞ்சம்மாள் சொன்னார், எடுபடவில்லை. நாற்பத்து மூன்று பேர் மனு எழுதினார்கள், அதை நானே எடுபடாமல் செய்தேன். ஆகவே அன்று மாலையே வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் கேட்டு, நானாக இந்த நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்க மனு எழுதினேன்.

1985 ஏப்ரல் 24ஆம் தேதி நான் எழுதிய அளவும், ஜூலை மாதம் மனுவின் மேல் நான் எழுதிய குறிப்பும் தவறானவை. அவற்றின் பேரில் கொடுத்த அனுமதி செல்லாது என்று உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அனுப்பும்படி வேண்டுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்பது நீதிமன்றத்தின் விருப்பம். அதற்கு முன்னால் அந்த நூலைக் கட்டிய இடத்தில் வேலை நிற்க வேண்டும்.

இதனால் வேலை நிரந்தரமாகப் போய்விடும் என்று தெரியுமா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. என் மனைவி சூசை மேரி சனிக்கிழமை இரவு முழுக்க என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, "போறதுன்னா ஜல்தியா போ. செவுரு ஏந்துட்டா அப்புறம் எதுக்குப் போறே?" என்று சொன்னாள். இப்போது வெளியே உட்கார்ந்திருக்கிறாள். மதில் அதே அளவில் மறுபடி எழும்பினால் மறுபடியும் இடிப்பாயா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். இடிப்பேன்.

மேலே எழுதியிருப்பதை எழுத்தர் எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினார். பனைக்கட்டைக்குப் பனைக்கட்டை அளந்த இடத்தில் "சுமார் பதினான்கடி" என்று எழுதியிருந்தார். வாக்குமூலத்தில் அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றார். சுமார் என்பதை அடிக்கச் சொன்னேன். நடுவர் அவர்கள் அனுமதித்தார்கள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ம. சவரிராயன்
ஓவர்சியர்